எஃப்.இ.ஆர். எப்போது வரும்?

(கோவையில் சிறுதொழில் முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காப்புரிமை விதிகளில் 24பி என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் படித்தால் மனசு நிறைந்துவிடும். விண்ணப்பம் வெளியிடப்பட்டு, பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களும் கோரிக்கை கொடுத்துவிட்டால், ஒரு மாதத்துக்குள் கோப்பு எக்ஸாமினர் கைக்குப் போக வேண்டும். அவர் ஒரு மாதத்தில், மிஞ்சிப்போனால் மூன்று மாதத்தில், அறிக்கை எழுத வேண்டும். அவருக்கு மேலதிகாரியான கன்ட்ரோலர் அதை ஒரு மாதத்தில் பார்த்து முடிக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குள் ஆட்சேபங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். எல்லாம் கூட்டினால் அரை வருஷம். ஆனால் விதியை எழுதியவர்கள் விவரமானவர்கள். கோப்பு எக்ஸாமினருக்குப் போகும் அந்த முதல் படியிலேயே ‘சாதாரணமாக’ என்றொரு சொல்லையும், ‘கோரிக்கை வந்த வரிசைப்படி’ என்றொரு நிபந்தனையையும் வைத்துவிட்டார்கள். அந்த வரிசைக்குள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் அடங்கும். 2015-இல் இந்தியாவில் ஒரு விண்ணப்பத்தின் பரிசோதனைக்குச் சராசரியாக 72 மாதம் ஆனது. இது நான் சொல்லும் கணக்கல்ல, மத்திய அரசே சொன்னது. ஆறு வருஷம்.

நம் நாட்டில் கண்டுபிடிப்புக்குத் தனியுரிமை கேட்டு முதல் ஆளாக மனுப் போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் என்ஜினீயர். தேதி 1856 மார்ச் 3. கேட்டது பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. அவருக்கு முன்னால் வரிசையில் யாருமில்லை. அந்தக் கொடுப்பினை அதன்பிறகு இந்தியாவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

உங்களில் பலர் பம்ப் செய்கிறவர்கள். கிரைண்டர், நூற்பாலை உதிரிபாகம் செய்கிறவர்கள். ஓரிருவர் சாஃப்ட்வேர் பக்கம் போயிருக்கிறீர்கள். உங்கள் வாயில் அதிகம் புழங்கும் கேள்வியையே இன்றைய பேச்சுக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டேன். எஃப்.இ.ஆர். என்பது முதல் பரிசோதனை அறிக்கை. ஓர் அரசு அதிகாரி உங்கள் விண்ணப்பத்தை முதன்முறையாக முழுதும் படித்து, உலகத்தில் இதே போன்றது முன்பே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, தன் கருத்தை எழுதி அனுப்பும் கடிதம். அதுவரை உங்கள் விண்ணப்பத்துக்கு எண் உண்டு, தேதி உண்டு, ரசீது உண்டு. அதைப் படித்த அதிகாரி என்று ஒருவரும் கிடையாது.

அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே ஓர் அட்டவணை இருக்கும். உங்கள் உரிமைக்கோரிக்கைகள் ஒன்று முதல் பத்து வரை இருந்தால், எவை புதியவை, எவை புதியவை அல்ல, எவற்றில் கண்டுபிடிப்புப் படி இருக்கிறது, எவற்றில் இல்லை என்று ‘யெஸ்’, ‘நோ’ போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கண்டுபிடிப்புப் படிக்கு எதிரே ‘நோ’தான். அதற்குக் கீழே டி1, டி2, டி3 என்று பழைய ஆவணங்கள். டி1 ஒரு ஜப்பானியக் காப்புரிமையாக இருக்கும், டி2 ஏதாவதொரு சீன விண்ணப்பமாக இருக்கும். உங்கள் இம்பெல்லரின் வளைவு டி1-இல் இருக்கிறது, அதை மோட்டாரோடு பொருத்தும் விதம் டி2-இல் இருக்கிறது, இந்த இரண்டையும் சேர்ப்பது இத்துறையில் பழகிய எவருக்கும் தோன்றக்கூடியதே என்று எழுதியிருப்பார்கள். இயந்திரத் துறைக்காரர்களுக்கு இன்னொன்றும் வரும். தெரிந்த சாதனங்களை மாற்றி அடுக்கியது மட்டுமே, ஆகவே சட்டம் 3(எஃப்) பிரிவின்படி கண்டுபிடிப்பே ஆகாது என்று. முதல் முறை இதைப் படிப்பவருக்கு வயிறு கலங்கும். கலங்க வேண்டாம். இது தீர்ப்பல்ல, பேச்சுவார்த்தையின் தொடக்கம். உரிமைக்கோரிக்கையைக் குறுக்கி, டி1-க்கும் உங்களுடையதுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனை விவரத்தோடு எழுதினால் பாதி ஆட்சேபம் கரையும். அந்தப் பேச்சுவார்த்தை தொடங்கவே ஆண்டுக்கணக்கில் ஆகிறது என்பதுதான் நம் வருத்தம்.

வரிசை எங்கே தொடங்குகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தனிநபர் என்றால் 1,600 ரூபாய் கட்டி விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டவுடன் வரிசையில் நின்றுவிட்டதாக நினைக்கிறார்கள். ரேஷன் கடையில் பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் இடம் காத்திருக்கும்; இங்கே அப்படி இல்லை. பரிசோதனை வேண்டும் என்று படிவம் 18-ஐத் தனியாகக் கொடுத்து, தனிநபர் 4,000 ரூபாயும் பெரிய நிறுவனம் 20,000 ரூபாயும் கட்ட வேண்டும். அந்தப் படிவத்தின் தேதிதான் உங்கள் வரிசை எண். முன்பெல்லாம் எல்லா விண்ணப்பத்தையும் அலுவலகமே எடுத்துப் பரிசோதித்தது. 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, கேட்டால்தான் பரிசோதனை. கேட்பதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த புதிய விதிகள் அதை 31 மாதமாகச் சுருக்கிவிட்டன. அந்தக் கெடுவுக்குள் கேட்காவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். யாரும் ஃபோன் செய்து நினைவூட்ட மாட்டார்கள்.

அலுவலக இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ‘அவெய்ட்டிங் ரிக்வெஸ்ட் ஃபார் எக்ஸாமினேஷன்’ என்று இருந்தால், அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். ‘அப்ளிகேஷன் அவெய்ட்டிங் எக்ஸாமினேஷன்’ என்று இருந்தால், நீங்கள் அவர்களுக்காகக் காத்திருக்கிறீர்கள். ஓரிரு சொல்தான் வித்தியாசம். முதல் வரியைப் பார்த்துவிட்டு, ‘ஆமாம், வெயிட்டிங்லதான் இருக்கு’ என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்து, கெடு தாண்டிய பிறகு வக்கீலிடம் ஓடி வந்தவர்கள் உண்டு.

தாமதம் ஏன் என்று கேட்டால், விடையில் மர்மம் ஒன்றுமில்லை. படிக்க ஆள் இல்லை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எக்ஸாமினர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து 860 பேர் என்றது. சீனாவில் 13,704 பேர். அமெரிக்காவில் 8,132 பேர். ஒரு விண்ணப்பம் முடிவுக்கு வர இந்தியாவில் சராசரியாக 58 மாதம், சீனாவில் 20, அமெரிக்காவில் 23. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

ஆள் சேர்த்தபோது என்ன நடந்தது என்பதும் கண்முன் இருக்கிறது. 2015-ஐ ஒட்டி 450-க்கும் மேற்பட்ட புதிய எக்ஸாமினர்களை எடுத்தார்கள். 2015-16-இல் ஆண்டு முழுவதும் பரிசோதிக்கப்பட்டவை சுமார் 17,000 விண்ணப்பங்கள். புதியவர்கள் பயிற்சி முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, 2018-19-இல் அது 85,000-ஐத் தாண்டியது. 72 மாதம் என்றிருந்த காத்திருப்பு, துறையைப் பொறுத்து 12 முதல் 30 மாதம் வரை என்று குறைந்ததாக அரசு பிறகு அறிவித்தது. இதில் மந்திரம் ஏதும் இல்லை. ஜப்பானும் இதைத்தான் செய்தது. 2004 தொடங்கி ஒப்பந்த அடிப்படையில் ஐந்நூறு பேர் அளவுக்குப் பரிசோதகர்களைச் சேர்த்து, முதல் அறிக்கை 11 மாதத்துக்குள் போக வேண்டும் என்று இலக்கு வைத்து, பத்தாண்டு விடாமல் உழைத்து 2014 மார்ச்சில் அதை எட்டியது. ஜப்பான்காரர்கள் இலக்குக்கு ‘எஃப்.ஏ.11’ என்று பெயர் வைத்து, அந்த எண்ணைத் துரத்திப் பிடித்தார்கள். நாம் எண்ணை அறிவிப்பதோடு ஓய்ந்துவிடுகிற பழக்கமுள்ளவர்கள்.

அமெரிக்காவை ரொம்ப உயர்வாகவும் நினைக்க வேண்டாம். 2011-இல் அங்கே முதல் பதிலுக்குச் சராசரியாக 28 மாதம் ஆனது. அதன்பிறகு இறங்கியது, மறுபடியும் ஏறியது. 2025 தொடக்கத்தில் யாரும் தொட்டுப் பார்க்காத விண்ணப்பங்கள் அங்கே 8 லட்சத்துக்கும் மேல். நம்மூரில் விண்ணப்பம் 2014-15-இல் 42,763 ஆக இருந்தது 2023-24-இல் 92,168 ஆகிவிட்டது. ஆக வரிசை எங்கும் உண்டு, இனியும் இருக்கும். வரிசையின் நீளத்தைப் பற்றி மட்டும் புலம்பிவிட்டுப் போக நான் இங்கே வரவில்லை. அந்த வரிசையில் நிற்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. சிலருக்கு வலிக்கவே இல்லை. சிலருக்கு அது லாபம். அதைத்தான் இன்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

உங்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதுவித சப்மர்சிபிள் பம்ப் ஒன்று செய்திருக்கிறார். காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. அந்த 20, தரப்படும் நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடுகிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் ஆயுளிலிருந்து கழிகிறது. இதற்கிடையே 18 மாதம் ஆனதும் அவருடைய விண்ணப்பம், வரைபடத்தோடு, அளவோடு, உலகம் முழுக்கப் பார்க்கும்படி வெளியிடப்படும். எக்ஸாமினர் இன்னும் படிக்கவில்லை. ராஜ்கோட்டில் பம்ப் செய்கிற போட்டியாளர் படித்துவிட்டார். அவர் அதே போல் செய்து சந்தையில் இறக்கினால் நம்மவர் என்ன செய்யலாம்? சட்டம் 11ஏ பிரிவில், வெளியிட்ட நாளிலிருந்தே உரிமை உண்டு, ஆனால் காப்புரிமை கைக்கு வரும் வரை வழக்குப் போட முடியாது என்கிறது. பிறகு வழக்குப் போட்டுப் பழைய இழப்பையும் கேட்கலாம்தான். அதுவரை கடை திறந்திருக்க வேண்டுமே.

வங்கிக்குப் போனால், ‘கிராண்ட் ஆயிடுச்சா சார்?’ என்பதுதான் முதல் கேள்வி. ‘அப்ளை பண்ணியிருக்கேன்’ என்ற பதிலுக்கு அங்கே மதிப்பில்லை. பணம் போட வருகிறவரும் அதையேதான் கேட்பார். இது வெறும் அனுபவப் பேச்சல்ல. ஃபார்ரே-மென்சா, தீபக் ஹெக்டே, லியுங்க்விஸ்ட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கப் புதுநிறுவனங்களின் முதல் காப்புரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்தார்கள். விண்ணப்பம் எந்த எக்ஸாமினரிடம் போகிறது என்பது ஏறக்குறையக் குலுக்கல் சீட்டுத்தான். ஒருவர் தாராளம், ஒருவர் கறார். இந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொண்டு, காப்புரிமை கிடைத்த நிறுவனமும் கிடைக்காத நிறுவனமும் அடுத்த ஐந்தாண்டில் எப்படி வளர்ந்தன என்று ஒப்பிட்டார்கள். கிடைத்தவர்கள் ஆள் சேர்ப்பதிலும் விற்பனையிலும் வெகுவாக முந்தினார்கள். கிடைத்தும் தாமதமாகக் கிடைத்தவர்களுடைய வளர்ச்சி, தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது. பெரிய நிறுவனத்துக்கு நூறு காப்புரிமை இருக்கும், ஒன்று தாமதமானால் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. முதல் காப்புரிமைக்குக் காத்திருப்பவருக்கு அது ஒன்றுதான் எல்லாம்.

இதில் ஒரு சின்ன எரிச்சலும் உண்டு. ஆண்டுக் கட்டணம் மூன்றாம் ஆண்டிலிருந்து கணக்கு. ஆறு வருஷம் கழித்துக் காப்புரிமை வந்தால், வராமல் போன அந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து மூன்று மாதத்துக்குள் கட்டச் சொல்வார்கள். தனிநபருக்குத் தொகை பெரிதல்ல, ஆண்டுக்கு 800 ரூபாயில் தொடங்குகிறது. கடுப்புத்தான் பெரிது.

இனி மறுபக்கம். தாமதத்தால் சம்பாதித்தவர்கள் யார்?

அமெரிக்காவில் ஜெரோம் லெமல்சன் என்பவர் இருந்தார். 1950-களின் நடுவில் இயந்திரப் பார்வை தொடர்பாக விண்ணப்பங்கள் போட்டார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஆயுள் 17 ஆண்டு, அதுவும் தரப்பட்ட நாளிலிருந்து. விண்ணப்பம் ரகசியமாகவே இருக்கும். ஆகவே எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு விண்ணப்பத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்து, அதிலிருந்து மற்றொன்றைத் தொடர்ந்து, பல பத்தாண்டுகளைக் கடத்தினார். இதற்குள் உலகம் முழுக்க பார்கோடு வந்துவிட்டது. பிறகு நீருக்கடியிலிருந்து எழுகிற நீர்மூழ்கி போல அவருடைய காப்புரிமைகள் மேலே வந்தன; அமெரிக்கர்கள் அவற்றுக்கு ‘சப்மரீன் பேட்டன்ட்’ என்றே பெயர் வைத்தார்கள். கார் கம்பெனி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி என்று நூற்றுக்கணக்கானோர் வழக்குக்குப் பயந்து பணம் கட்டினார்கள். 2004-இல் நெவாடா நீதிமன்றம் ஒன்று, 18 முதல் 39 ஆண்டு வரையிலான இந்தத் தாமதத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லி, அந்தக் காப்புரிமைகளைச் செயல்படுத்த முடியாதபடி ஆக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2005-இல் அதை ஏற்றது. லெமல்சன் 1997-லேயே காலமாகிவிட்டார். இன்று அந்த வழி அங்கே அடைபட்டுவிட்டது. 1995-இல் ஆயுளை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்று மாற்றினார்கள், பிறகு 18 மாத வெளியீட்டையும் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்கா இன்னொன்றும் செய்தது. முதல் பதில் 14 மாதத்துக்குள் வராவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாளைக் காப்புரிமையின் ஆயுளில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ‘நம் நாட்டிலும் அப்படிச் செய்யலாமே சார்’ என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரேசிலைப் பாருங்கள். அங்கே எவ்வளவு தாமதமானாலும் தரப்பட்ட நாளிலிருந்து குறைந்தது பத்தாண்டு உரிமை உண்டு என்று சட்டம் இருந்தது. அலுவலகமோ பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்தது. விளைவு, மருந்துக் காப்புரிமைகள் 20 ஆண்டையும் தாண்டி நீண்டன. அரசே விலை கொடுத்து மருந்து வாங்கும் நாட்டில் அதன் சுமை மக்கள் தலையில் விழுந்தது. 2021-இல் பிரேசில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீக்கியது. அலுவலகத்தின் சோம்பலுக்கு நோயாளி அபராதம் கட்டக் கூடாது என்பது என் கட்சியும்கூட.

இதைவிடக் கூர்மையான உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது.

இந்தியாவில் நான்கு காப்புரிமை அலுவலகங்கள்: கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. இன்று கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகத்தின் வரலாற்றில் மிகப் பெரிய விண்ணப்பம் எது என்று கேட்டால், 1998 ஜூலையில் சுவிஸ் நிறுவனமான நோவார்ட்டிஸ் போட்டதைத்தான் சொல்வேன். க்ளிவெக் என்கிற ரத்தப் புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கேட்டார்கள். அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆனால் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, 2005 வரை அவகாசம் வாங்கிக்கொண்ட நாம், அதுவரை வருகிற மருந்து விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம். ‘மெயில்பாக்ஸ்’ என்றே அதற்குப் பெயர். பெட்டியை 2005-க்கு முன் திறக்கக் கூடாது. எஃப்.இ.ஆர். தாமதமாவதைப் பற்றிப் பேசுகிறோமே, இங்கே தாமதம்தான் சட்டம்.

இப்போது கவனியுங்கள். பெட்டிக்குள் கிடந்த விண்ணப்பத்தை ஒருவரும் முழுதாகப் பரிசோதிக்கவில்லை. ஆனாலும் வேறு நாட்டில் காப்புரிமையும் விற்பனை அனுமதியும் கிடைத்திருந்தால், இந்தியாவில் ஐந்தாண்டு வரை தனி விற்பனை உரிமை தரலாம் என்றும் சட்டத்தில் எழுதியிருந்தோம். 2003 நவம்பரில் க்ளிவெக்குக்கு அந்த உரிமை கொடுக்கப்பட்டது. அதைக் காட்டி நோவார்ட்டிஸ் நிறுவனத்தார் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு எதிராகத் தடை வாங்கினார்கள்; பம்பாய் உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவந்த மாற்று மருந்துக்கும், மாதம் லட்சத்துக்கு மேல் விலை வைத்த மூல மருந்துக்கும் நடுவில் நோயாளிகள் நின்றார்கள். இவ்வளவும், முழுப் பரிசோதனைக்கு வராத காகிதத்தின் பலத்தில்.

2005-இல் பெட்டி திறந்தது. நாட்கோ, சிப்ளா போன்ற நிறுவனங்களும், புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்றும் ஆட்சேபம் எழுப்பின. ஒரு கன்ட்ரோலர் கோப்பைப் படித்தார், இரு தரப்பையும் கேட்டார். 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தார். அதன்பிறகு சென்னை உயர் நீதிமன்றம், சென்னையிலேயே இருந்த மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. பத்திரிகைகள் எல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டாடின. எனக்கு அந்த 2006-ஆம் ஆண்டு உத்தரவுதான் முக்கியம். ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்தவுடன் நின்றுபோன ஒரு கோரிக்கை, அப்படிப் படிக்கப்படாத வரை சந்தையை ஆண்டது.

ஆகவே, முதல் பரிசோதனை என்பது கண்டுபிடிப்பாளருக்குச் செய்யும் சேவை மட்டும் என்று நினைக்காதீர்கள். எக்ஸாமினர் அந்த மேஜையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பொதுமக்களின் பிரதிநிதி. அவர் வராமல் இருக்கும்வரை உண்மையான கண்டுபிடிப்புக்காரரின் கை கட்டப்பட்டிருக்கிறது. பொய்யாகக் கோருகிறவருக்கோ, ‘பேட்டன்ட் பெண்டிங்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துப் போட்டியாளரை மிரட்டும் வாய்ப்பு நீள்கிறது. பலவீனமான விண்ணப்பம் வைத்திருப்பவர் ஒருபோதும் எஃப்.இ.ஆர். ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. நான் பார்த்தவரை விதிவிலக்கு இல்லை.

இதைச் சொன்னதும், ‘அப்போ சீக்கிரம் முடிச்சிடலாமே, யார் வேண்டாம்னாங்க’ என்பார்கள். எதைச் சீக்கிரம் முடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அமெரிக்க எக்ஸாமினருக்கு ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாக 19 மணி நேரம்தான் கிடைக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படிப்பது, உலகம் முழுக்கத் தேடுவது, எழுதுவது, பதில் வந்தபின் மறுபடி எழுதுவது எல்லாம் அதற்குள். ஃப்ரேக்ஸ், வாஸர்மன் என்ற இருவர் செய்த ஆய்வில் தெரியவந்தது: பதவி உயர உயர ஒரு கோப்புக்கான நேரம் குறைகிறது, நேரம் குறையக் குறைய எக்ஸாமினர் தேடுவது குறைகிறது, ‘சரி’ என்று கொடுத்துவிடுவது கூடுகிறது. மறுக்க வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும், ஆவணம் தேட வேண்டும். கொடுப்பதற்கு அவ்வளவு வேலையில்லை.

நம் நாட்டில் 2022-23-இல் தரப்பட்ட காப்புரிமைகள் 34,134. அடுத்த ஆண்டு, 2023-24-இல், 1,03,057. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அரசு அதைச் சாதனை என்று விளம்பரப்படுத்தியது. பழைய பாக்கியைத் தீர்த்ததில் நல்லதும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸாமினர்கள் அந்த ஓராண்டில் மூன்று மடங்கு ஆகவில்லை. அவர்களுடைய நாளுக்கும் 24 மணி நேரம்தான். காப்புரிமையின் தரம் கொடுத்த அன்றே தெரியாது. நாலைந்து ஆண்டு கழித்து, யாராவது உங்கள்மேல் வழக்குப் போடும்போது தெரியும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வேகப்பாதை உண்டு. 24சி விதி, படிவம் 18ஏ. 2016-இல் வந்தது. முதலில் ஸ்டார்ட்-அப் நிறுவனங்களுக்கும், பன்னாட்டு விண்ணப்பத்தில் இந்திய அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் மட்டும் இருந்தது. 2019 செப்டம்பரில் சிறு நிறுவனங்கள், பெண்கள், அரசுத் துறைகள் என்று விரித்தார்கள். கட்டணம் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 8,000 ரூபாய். விண்ணப்பத்தை 18 மாதத்துக்கு முன்பே வெளியிடச் சொல்லிப் படிவம் 9-க்குத் தனியாக 2,500. உத்யம் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் படிவம் 28-ஐ இணைத்து இந்த வழியில் போங்கள். பத்தாயிரத்துச் சொச்சம் செலவில் ஆண்டுகள் மிச்சமாகும். போட்டியாளர் கண்ணில் விண்ணப்பம் சீக்கிரம் படும் என்பது இதன் குறை. சந்தையில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல.

ஆனால் இந்த வேகப்பாதையில் ஒரு விசித்திரம். நிறுவனம் எதுவும் பதிவு செய்யாமல், பன்னாட்டு விண்ணப்பமும் போடாமல், வீட்டுப் பின்கட்டில் லேத் வைத்துக்கொண்டு தனியாக ஒரு கருவி செய்யும் ஆணுக்கு அதில் இடமில்லை. ஸ்டார்ட்-அப் உண்டு, சிறு நிறுவனம் உண்டு, அரசுக் கல்வி நிலையம் உண்டு, தனிநபரான பெண் உண்டு. தனிநபரான ஆண் கிடையாது. கூட்டு விண்ணப்பத்தில் எல்லோரும் தனிநபர்களாக இருந்து ஒருவராவது பெண்ணாக இருந்தால் போதும் என்பதால், ஏஜென்ட்டுகள் சர்வசாதாரணமாகச் சொல்லும் யோசனை: ‘வீட்டம்மா பேரையும் அப்ளிகன்ட்டா சேர்த்துடுங்க சார்.’ உரிமையில் பாதியை எழுதிக் கொடுத்து ஒப்பந்தம் போட்டால் சட்டப்படி தவறில்லை. பெண் கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிக்க வந்த விதியால் பல வீடுகளில் மனைவி பெயருக்குப் பாதிச் சொத்து வந்து சேர்ந்தது என்ற மட்டில் அது நல்ல விதிதான்! (சிரிப்பு.) ஆனால் கண்டுபிடித்த பெண்ணுக்கு முன்னுரிமை தரும் நோக்கம் இதனால் நீர்த்துப்போகிறது. திருமணமாகாதவர் கதை வேறு.

அமெரிக்காவில் இதைவிட எளிமையான ஒரு வழி இருக்கிறது. பணம் கட்டி முந்துவதற்கு 2011 முதல் அங்கேயும் ‘டிராக் ஒன்’ என்ற பாதை உண்டு, ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். நான் சொல்ல வருவது அதுவல்ல. கண்டுபிடிப்பாளருக்கு வயது 65 ஆகிவிட்டது என்று காட்டினால், கட்டணமே வாங்காமல் அவருடைய விண்ணப்பத்தை வரிசையில் முன்னால் எடுத்து வைப்பார்கள். உடல்நிலை மோசம் என்று மருத்துவச் சான்று கொடுத்தாலும் அப்படியே. இருபதாண்டு உரிமையை எழுபது வயதுக்காரர் எத்தனை ஆண்டு அனுபவிப்பார் என்பதை அந்த விதியை எழுதியவர் யோசித்திருக்கிறார். இந்த ஊரில் அறுபதைத் தாண்டிய பிறகும் பட்டறையை விடாதவர்கள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. அவர்களில் நிறுவனமோ பன்னாட்டு விண்ணப்பமோ இல்லாத ஆண்களுக்கு இன்று 24சி-இல் ஒரு வழியும் இல்லை.

விதிகளைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சட்டம் வேறு, விதி வேறு. வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, மத்திய அரசே அறிவிக்கை போட்டால் போதும். 2016, 2019, 2024 எல்லாம் அப்படி வந்தவைதான். ஆகவே இரண்டு கோரிக்கைகளோடு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, 65 வயது நிறைந்த கண்டுபிடிப்பாளருக்கும் தீவிர நோயுற்றவருக்கும் 24சி-இல் கட்டணமின்றி இடம் தர வேண்டும். இரண்டு, எக்ஸாமினர் எண்ணிக்கையை உயர்த்திவிட்டுப் பிறகு இலக்கை உயர்த்த வேண்டும். மனு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, டெல்லியில் தொழில் மேம்பாட்டுத் துறைக்குப் போகிறது. டீ கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் விண்ணப்ப எண்ணையும் படிவம் 18 கொடுத்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இன்னும் படிவம் 18 கொடுக்கவே இல்லை என்பவர்கள், டீயை அப்புறம் குடிக்கலாம், முதலில் என்னை வந்து பாருங்கள்.